மெட்ராஸ் சேனல்ல ஓரமா நிக்கிறதா, மதுரையிலயே கைவேலை கத்துக்கிறதா? விஸ்காம் இன்டர்ன்ஷிப் பஞ்சாயத்து

செல்லூர் அக்கா:
எந்தம்பி மதுரையில ஒரு காலேஜ்ல விஸ்காம், அதான் விஷுவல் கம்யூனிகேஷன், படிக்கிறான். வர்ற லீவுல ஒரு மாசம் இன்டர்ன்ஷிப் கட்டாயமாம், சர்டிபிகேட்டும் ரிப்போர்ட்டும் குடுத்தாத்தான் மார்க்காம். கூடப் படிக்கிறவனுங்க பாதிப்பேரு மெட்ராஸ்ல சேனல், சீரியல் யூனிட்னு போறானுங்க, இவனும் அங்கிட்டுத்தான் போவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். ஒரு ஏஜெண்டு வேற "பெரிய சேனல்ல சேத்து விடுறேன், 15,000 கட்டுங்க"ங்கிறாரு. சம்பளம் கிடையாது, ரூமும் சாப்பாடும் நம்ம பாடு. எங்கப்பா தறி ஓட்டுறவரு, "வேலைக்குப் போறவன் காசு வாங்கிட்டு வருவானா, குடுத்துட்டு வருவானா"ன்னு கேக்குறாரு, அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. இந்த லைன்ல இருக்கவங்க கொஞ்சம் சொல்லுங்க.

வடபழனி எடிட்டர்:
அக்கா, மொதல்ல அந்த ஏஜெண்டு நம்பரை பிளாக் பண்ணுங்க. நானும் திருமங்கலத்துக்காரன்தான், இங்க சீரியல் எடிட்டிங்ல இருக்கேன். ஒழுங்கான சேனல் எதுவும் நடுவுல ஆள வச்சு காசு வாங்கிட்டு இன்டர்ன் எடுக்காது. காலேஜ் லெட்டர்ல ஹெச்ஓடி கையெழுத்து, பையனோட ரெஸ்யூம், ஹெச்ஆருக்கு ஒரு மெயில், அம்புட்டுதான் விசயம்.

ஆனா காசு குடுக்காம கெடைச்சா கண்டிப்பா இங்க அனுப்புங்க. எடிட் ரூம்ல பின்னாடி சேர்ல உக்காந்து பாத்தாக்கூடப் போதும். வாரத்துக்கு ஆறு எபிசோடு, ஒண்ணு ஒண்ணும் விளம்பரம் போக இருபத்திச் சொச்சம் நிமிசம், இப்பத்தான் எடுத்த சீனு அதுக்குள்ள என் டைம்லைன்ல வந்து நிக்கும். ரிப்போர்ட் ஷீட்ல "டேக் 3 ஓகே"ன்னு எழுதியிருப்பாங்க, போட்டுப் பாத்தா மாமியா காபி டம்ளரை வலது கையில வச்சிருக்கும், அடுத்த ஆங்கிள்ல அது இடது கைக்கு வந்திருக்கும், ரீஷூட்டுக்கு நேரமே கிடையாது. நடுவுல மருமக குளோசப்பைப் போட்டு மறைச்சு விட்ருவோம். ரியாக்‌ஷன் ஷாட்டா போட்டுக் கொல்றாங்கன்னு நீங்கல்லாம் கிண்டல் பண்றீங்கள்ல, அதுல பாதி இந்த டம்ளர் கதைதான். இதெல்லாம் எந்த சிலபஸ்ல வரும்?

மேலூர் ஸ்டூடியோ:
பின்னாடி சேர்ல உக்காந்து பாத்தாப் போதுமா? பிரியாணிக் கடை வாசல்ல நின்னா தம் போடத் தெரிஞ்சுருமாண்ணே?

நான் கல்யாண ஸ்டூடியோ வச்சிருக்கேன். போன வருசம் ஒரு பையன் வேலை கேட்டு வந்தான், சேனல் சர்டிபிகேட்டு, லோகோ போட்டு லேமினேட் பண்ணிக் கொண்டாந்தான். மண்டபத்துல வச்சு மெமரி கார்டைக் கையில குடுத்து ஹார்ட்டிஸ்க்ல ஏத்துடான்னேன். காப்பி ஓடி முடிஞ்சுச்சா, ரெண்டு பக்கமும் சைஸ் ஒண்ணா இருக்கான்னு எதையும் பாக்கல, பார் நின்ன உடனே கார்டை பார்மேட் அடிச்சுக் கேமராமேன்கிட்ட குடுத்துட்டான். டிஸ்க்கைத் தொறந்தா மாலை மாத்துறது வரைக்கும் இருக்கு, தாலி கட்டுறது இல்ல. நல்ல வேளை, அந்தக் கார்டுல மேல எதுவும் எடுக்கல, ரெக்கவரி சாப்ட்வேர் போட்டு மீட்டோம். அதுல இன்னொரு சீன் ஷூட் பண்ணியிருந்தா பொண்ணு வீட்டுக்காரங்க என்னைய மேலூர்லயே இருக்க விட்டிருக்க மாட்டாங்க.

சேனல்ல என்னப்பா பாத்தன்னு கேட்டேன். "பேப்பர் கொண்டுபோய்க் குடுப்பேன்ணே, பாஸ்வேர்ட் இல்லாததால சிஸ்டம் தொட விடல"ங்கிறான். ஒரு மாசம்!

பிசிஆர் பொண்ணு:
மேலூர் அண்ணே சொல்றதுல நெசம் இருக்கு, ஆனா எல்லா எடமும் அப்பிடி இல்ல. நான் ஒரு நியூஸ் சேனல்ல இருந்தேன். மொத வாரம் பைட் டைப் பண்றதுதான் வேலை, மந்திரி பேசினத ஹெட்போன்ல கேட்டு எந்த நிமிசம் எந்த செகண்டுல என்ன சொன்னாருன்னு டைம்கோடோட அடிக்கணும். செம போர். ஆனா அப்புறம்தான் புரிஞ்சுச்சு, ரிப்போர்ட்டர் அத வச்சுத்தான் "இங்கருந்து இங்க வரைக்கும் கட் பண்ணு"ன்னு எடிட்டருக்குச் சொல்றாரு, நான் அஞ்சு செகண்டு தப்பா அடிச்சா பாதி வாக்கியத்துல வெட்டுவாங்க, மந்திரி சொல்லாத அர்த்தம் வந்துரும். கடைசியில நியூஸ் லைவா போறத கன்ட்ரோல் பண்ற பிசிஆர் ரூம்ல உக்கார வச்சாங்க, எந்த நியூஸுக்கு அப்புறம் எதுன்னு போட்டிருக்க ரன்டவுன் லிஸ்ட்டு எப்பிடி நிமிசத்துக்கு ஒரு தடவை மாறுதுன்னு பாத்தேன், புல்லட்டின் ஓடுறப்பவே மூணாவது நியூஸ் மேல போவுது, வாசிக்கிறவங்களுக்கு எழுத்தக் காட்டுற டெலிப்ராம்ப்டர் ஓட்டுறவருக்கு வேர்த்து ஊத்துது. மதுரையில ஒக்காந்து அத நான் பாத்திருக்கவே முடியாது.

சம்பளம் சைபர். அது கோவம்தான் இன்னும்.

குன்றத்து அசிஸ்டெண்ட்:
சம்பளம் சம்பளம்னு பேசுறவங்க சினிமாவுக்கு வராதீங்க. இன்னிக்குப் பெரிய டைரக்டரா இருக்கவங்கள்ல பாதிப்பேரு அசிஸ்டெண்டா இருந்தப்ப தினப்படி பேட்டாவுல காலத்த ஓட்டினவங்கதான். நான் திருப்பரங்குன்றத்துல இருந்து போய் சாலிகிராமத்துல ஒரே ரூம்ல ஆறு பேரா படுத்துக் கெடந்து கிளாப் அடிக்க வந்தேன். கிளாப் அடிக்கிறது ஈசின்னு நெனைக்காதீங்க, சீன் நம்பர் ஷாட் நம்பர் டேக் நம்பர் கத்திச் சொல்லணும், சவுண்ட் எடுக்காத ஷாட்டுன்னா தட்டக்கூடாது, ஷாட்டு முடிவுல அடிக்கிற எண்டு கிளாப்புன்னா போர்டைத் தலைகீழாப் புடிக்கணும், குளோசப்புல ஹீரோயின் மூக்குக்கிட்ட டமார்னு அடிச்சா செட்டே நம்மளப் பாக்கும். கஷ்டப்படாம எதுவும் வராது தம்பிங்களா.

பிசிஆர் பொண்ணு:
அண்ணே நீங்க ஆறு பேரோட படுத்தீங்க சரி, நான் எங்க படுக்கிறது? லேடீஸ் ஹாஸ்டல் ஒரு மாச வாடகையும் அட்வான்ஸும் எங்கம்மா நகையை வச்சுக் கட்டுனாங்க. அவுட்டோர் போனா பாத்ரூம் கிடையாது, கேரவன் ஆர்ட்டிஸ்டுக்கு மட்டும்தான். கேரளாவுல சினிமாவுல வேலை பாக்குற பொம்பளைங்க நெலமையப் பத்தின ஹேமா கமிட்டி ரிப்போர்ட்டு 2019லயே அரசு கைக்கு வந்து 2024 ஆகஸ்டுலதான் வெளிய விட்டாங்க, அதுல பொம்பளைங்களுக்கு டாய்லெட்டு, டிரஸ் மாத்த எடம் இல்லாததையே தனியா எழுதியிருக்கு. கஷ்டம்னு நீங்க சொல்றது வேற, நான் சொல்றது வேற. தண்ணி குடிக்காம நாள் பூரா நிக்கிறதுல என்ன டைரக்‌ஷன் கத்துக்க இருக்கு?

கே.கே.நகர் வக்கீல்:
ரெண்டு விசயம் சொல்லிட்டுப் போறேன். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013, அதுல ஊழியர்ங்கிற விளக்கத்துக்குள்ளயே பயிற்சியாளர், சம்பளம் இல்லாம வேலை பாக்குறவங்க எல்லாரும் வந்துருவாங்க. "நீ இன்டர்ன்தானம்மா, நீ எப்பிடி கம்ப்ளைண்ட் பண்ணுவ"ன்னு எவனும் சொல்ல முடியாது. பத்துப்பேரும் அதுக்கு மேலயும் வேலை பாக்குற எடத்துல உள் கமிட்டி இருந்தாகணும், சின்ன ஆபீஸ்னா மாவட்டத்துல இருக்க உள்ளூர்க் கமிட்டிக்குப் போகலாம்.

காசு விசயத்துக்கு வர்றேன். தொழில் பழகுநர், அதான் அப்ரண்டிஸ், சட்டம் 1961லயே வந்துருச்சு, 2019ல விதியை மாத்தினப்ப டிகிரி முடிச்ச பழகுநருக்குக் கொறஞ்ச பட்சம் மாசம் 9,000 ரூபான்னு வச்சாங்க. ஆனா அது முறையா ஒப்பந்தம் போட்டுப் பதிஞ்சவங்களுக்கு. காலேஜ் லெட்டரைக் குடுத்துட்டு ஒரு மாசம் போற புள்ளைக்கு அது வராது, அந்த ஓட்டையிலதான் இந்த ஓசி வேலை பூரா நடக்குது. ஏஜெண்டுக்குக் காசு கட்டறதா இருந்தா ரசீது கேளுங்க, அந்த ஆளு ஓடுற ஓட்டத்தப் பாக்கலாம்.

விஸ்காம் வாத்தியார்:
காலேஜ் பக்கத்துல இருந்தும் ஒருத்தன் பேசணும்ல. இன்டர்ன்ஷிப்ப நாங்க கட்டாயமாக்கலேன்னா பாதிப் பசங்க மூணு வருசமும் ஒரு ஷூட்டைக்கூட நேர்ல பாக்காம வெளிய போவாங்க. மெட்ராஸ் மட்டும்தான் எடம்னு நாங்க சொல்லல. நம்ம காமராசர் யுனிவர்சிட்டிக்குள்ளயே ஈஎம்எம்ஆர்சின்னு கல்வி மல்டிமீடியா சென்டர் இருக்கு, யுஜிசியோட சிஇசிங்கிற அமைப்புக்குக் கீழ வருது, கல்விப் படங்க எடுக்குறாங்க, ஸ்வயம்ங்கிற அரசு ஆன்லைன் கோர்ஸுக்கு வீடியோ எடுக்குறாங்க, ஸ்டூடியோ, எடிட்டிங் எல்லாம் இருக்கு. தேனி ரோட்ல பஸ் ஏறினா போய்ட்டு வந்துறலாம். மதுரை வானொலி இருக்கு. ஆனா பசங்ககிட்ட சொன்னா "சார் அங்க செலிபிரிட்டி இல்லயே"ங்கிறான்.

மேலூர் ஸ்டூடியோ:
வாத்தியாரே கோவிச்சுக்காதீங்க. வருசா வருசம் லீவு முடியிறப்ப எங்க கடைக்கு ரெண்டு மூணு பேரு வர்றானுங்க, "அண்ணே லெட்டர்பேடுல ஒரு மாசம் வேலை பாத்தேன்னு மட்டும் அடிச்சுக் குடுங்கண்ணே"ன்னு. குடுக்குற கடைக்காரனும் இருக்கான். நீங்க ஒரு தடவையாச்சும் போன் போட்டு "எங்க பையன் வந்தானா"ன்னு கேட்டிருக்கீங்களா? எனக்கு ஒரு போனும் வந்ததில்ல.

விஸ்காம் வாத்தியார்:
ஒரு கிளாஸுக்கு அம்பது அறுவது பேரு, ஸ்டாப் நாலு பேரு. நான் போன் பண்றேன், எல்லாரும் பண்றாங்களான்னு என்னால சொல்ல முடியாது.

வடபழனி எடிட்டர்:
மேலூர் அண்ணே, கல்யாண வீடியோ கத்துக்கிட்டா கல்யாண வீடியோதான் வரும், ஸ்லோ மோஷன்ல மாப்ள நடந்து வர்றதும் டிரோன் ஷாட்டும். ஒரு சீனை எப்பிடி ஷாட்டா பிரிக்கிறதுன்னு அங்க யாரு சொல்லித் தருவா?

மேலூர் ஸ்டூடியோ:
உங்க சீரியல்ல கரண்டு போனா ஜெனரேட்டர் வரும், ஹீரோ அழலேன்னா இன்னொரு டேக் போவீங்க. தாலி ஒரு தடவைதான் கட்டுவாங்க, நாதஸ்வரம் கெட்டிமேளம் ஆரம்பிக்கிறதுக்குள்ள நானே போக்கஸ், நானே எக்ஸ்போஷர், நாலு பக்கமும் சொந்தக்காரங்க செல்போன நீட்டிக்கிட்டு மறைக்கிறாங்க. அத எடுத்தவன் எதையும் எடுப்பான். உங்க யூனிட்ல இன்டர்ன் லைட்டத் தொட முடியுமா? பெப்சிங்கிற சினிமாத் தொழிலாளர் சங்கத்து ஆளு "கார்டு இருக்கா"ம்பாரு.

குன்றத்து அசிஸ்டெண்ட்:
அது கரெக்ட்டுதான். லைட்டு லைட்மேனுக்கு, டிராலி அவங்க ஆளுங்களுக்கு. இன்டர்ன் தொட்டா பஞ்சாயத்து ஆயிரும். அதுவும் ஒரு ஒழுங்குதான், நாளைக்கு நீங்களும் அந்தத் தொழிலுக்கு வந்தா உங்க வேலையை எவனோ ஓசியில பாத்துட்டுப் போகக்கூடாதுல்ல.

பிசிஆர் பொண்ணு:
இப்ப மட்டும் ஓசியில வேலை பாக்குறது தப்பா தெரியுதா அண்ணே?

குன்றத்து அசிஸ்டெண்ட்:
தங்கச்சி வாயி பெருசு.

கோரிப்பாளையம் கேபிள்:
லேட்டா வர்றேன். நான் லோக்கல் சேனல்ல கேமரா. அழகர் ஆத்துல எறங்குற அன்னிக்கு எங்ககூட ஒரு காலேஜ் பையனை அனுப்பி வையிங்க, அவன் கத்துக்கிறத மெட்ராஸ்ல ஆறு மாசம் இருந்தாலும் கத்துக்க முடியாது. லைவ் பேக்பேக்னு ஒண்ணு, உள்ள நாலஞ்சு சிம் போட்டு எல்லா நெட்வொர்க்கையும் சேத்து வீடியோ அனுப்பும். ஊருக்குள்ள சும்மா ஜம்முன்னு போகும். அன்னிக்கு ஆத்துக்குள்ள லட்சக்கணக்குல சனம், ஒவ்வொருத்தன் கையிலயும் செல்லு, டவர் பூரா அடைச்சுக்கும், படம் கட்டம் கட்டமா உடையும். அப்ப என்ன பண்ணுவ? செகண்டுக்கு அனுப்புற டேட்டா அளவு, அந்த பிட்ரேட்டக் கொறைப்பியா, ஆளை மேட்டுக்கு ஏத்துவியா? சேட்டிலைட் வண்டி வச்சிருக்கவனுக்குக் கவலை இல்ல, அவனுக்கு டவர் தேவையில்ல. எங்களுக்கு அது கட்டுப்படி ஆகாது, அதனால விடியுறதுக்கு முன்னாடியே பாலத்துப் பக்கம் கேபிள் இழுத்துப் போட்ருவோம். அந்தக் கேபிள சனம் மிதிக்காம பாத்துக்கிறதுதான் இன்டர்ன் வேலை. கேவலமா நெனைக்காதீங்க, அது அந்துச்சுன்னா ஊரே எங்கள வையும்.

வடபழனி எடிட்டர்:
கேபிள் அண்ணே இது நல்லாருக்கு, ஒத்துக்கிறேன். ஆனா ரெஸ்யூம்ல "கேபிள் காவல்"னு போட்டா இங்க எவனும் கூப்பிட மாட்டான். பேர் முக்கியம்ணே, பெரிய சேனல் பேரு இருந்தாத்தான் மொத கதவு தொறக்குது, இது அநியாயம்தான், ஆனா அப்பிடித்தான் நடக்குது.

கே.கே.நகர் வக்கீல்:
கதவு தொறந்த பெறகு கார்டை பார்மேட் அடிச்சிட்டா?

செல்லூர் அக்கா:
எல்லாத்தையும் தம்பிகிட்டப் படிச்சுக் காமிச்சேன். ஏஜெண்டு கதை முடிஞ்சுது, ரசீது கேட்டதும் அவரு வாட்சப்புல இருந்தே காணாமப் போயிட்டாரு. ஈஎம்எம்ஆர்சிக்கு வாத்தியார்கிட்ட லெட்டர் வாங்கப் போறான். அது கெடைக்கலேன்னா மேலூர் அண்ணன் கடை. மெட்ராஸ் ஆசை இன்னும் போகல, படிப்பு முடிச்சுட்டு போறேங்கிறான், அப்ப 9,000 குடுக்குற எடமாப் பாத்துப் போன்னு அப்பா சொல்லிட்டாரு. மேலூர் அண்ணே, சம்பளம் எதுவும் குடுப்பீங்களா?

மேலூர் ஸ்டூடியோ:
வைகாசி முகூர்த்தத்துக்கு வரச் சொல்லுங்கம்மா. ஷூட்டுக்கு ஷூட்டு பேட்டா உண்டு, சாப்பாடு மண்டபத்துல. சர்டிபிகேட்டு கடைசி நாள்தான், முன்னாடி கேட்டா கெடையாது. எங்கிட்ட வேலைன்னா மொத ரெண்டு நாளு கேமரா கிடையாது, காப்பி எடுக்குறதும் சைஸ் பாக்குறதும் மட்டும்தான்.

வடபழனி எடிட்டர்:
ரெண்டு ஹார்ட்டிஸ்க் வாங்கி வைங்கண்ணே மொதல்ல. ஒரே டிஸ்க்ல ஏத்திட்டுப் பையனைக் கொறை சொல்றீங்க.

மேலூர் ஸ்டூடியோ:
வாங்கிட்டேன்யா, அந்தக் கல்யாணத்துக்கு மறுநாளே.