மூன்று வயது மகளின் சட்டைக் கழுத்தில் தலை நுழையவில்லை. காவடிக்குள் சரிசெய்ய வழி உண்டா?

வாக்குவா_தாய்
வணக்கம். தைப்பூசக் காவடிக்கு இன்னும் எட்டு நாட்களே இருக்கின்றன. மகளுக்கு ரோஸ் நிறத்தில் பாவாடை சட்டை தைத்தேன். பாவாடை சரியாக வந்துவிட்டது. ஆனால் சட்டையின் கழுத்து அவள் காதோடு சிக்கிக்கொள்கிறது, அவளும் அழுகிறாள். ஒரு தோள் தையலைப் பிரித்துப் போட்டுப் பார்த்தால், முன்பக்கம் வயிற்றுக்கு மேலே ஏறி நிற்கிறது. மார்பு அளவு மிகச் சரியாக இருக்கும்போது இப்படி ஏன் ஆகிறது? தயவுசெய்து விரைவாகச் சொல்லுங்கள்.

நூல்கண்டு
என்ன துணி, சகோதரி? பருத்தியாக இருந்தால், வெட்டுவதற்கு முன் தண்ணீரில் நனைத்து உலர்த்தினீர்களா? போன ஆண்டு இங்கே மொரிஷியஸில் கத்ர் போர்ன் ஊரின் வியாழன் சந்தையில் வாங்கிய துணியை நனைக்காமலே வெட்டித் தைத்து, முதல் துவைப்பிலேயே அது சுருங்கிப்போய் நான் வருந்தியிருக்கிறேன். உங்களுக்கும் சுருக்கம்தான் காரணம் என்று உறுதியாக நினைக்கிறேன்.

அளவுநாடா
இந்தக் கேள்வி இங்கே வருவது முதல் முறை அல்ல. பழைய இழைகளைப் படித்துவிட்டுக் கேட்டிருக்கலாம். மகளின் தலைச் சுற்றளவு எவ்வளவு, கழுத்தின் சுற்றளவு எவ்வளவு, முதுகில் திறப்பு உண்டா, கழுத்துக்குப் பட்டி வைத்து உள்ளே மடித்தீர்களா அல்லது ஓரத்தை மெல்லிய துணிப்பட்டையால் சுற்றி மூடும் பைப்பிங் கொடுத்தீர்களா என்ற நான்கையும் சொல்லாமல் உதவி கேட்பது, நோயைச் சொல்லாமல் மருந்து கேட்பதைப் போன்றது.

கடைசிக் கேள்வியைப் பலர் அலட்சியப்படுத்துகிறார்கள். வெட்டிய வளைவின் ஓரத்திலிருந்து 1 செ.மீ. உள்ளே தைத்துப் பட்டியைத் திருப்பினால், கழுத்தின் சுற்றளவு ஏறத்தாழ 6 செ.மீ. கூடிவிடும். அதே ஓரத்தைப் பைப்பிங்கால் மூடினால் வெட்டிய அளவிலேயே நிற்கும். அடிப்படை தெரியாமல் ஊசியைத் தொடுவதால்தான் துணி வீணாகிறது.

ஆலைக்காரி
அவர் எட்டு நாள் கெடுவில் தவிக்கிறார், ஐயா. சற்று மென்மையாகச் சொல்லலாமே. தங்கச்சி, எனக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான்: அந்தச் சட்டையின் பேப்பர் வெட்டு, அதாவது துணியை வெட்ட வைக்கும் காகித மாதிரி, உங்களுக்கு எங்கிருந்து கிடைத்தது?

வாக்குவா_தாய்
மன்னிக்கவும், அது முக்கியம் என்று தோன்றவில்லை. என் ரவிக்கையின் பேப்பர் வெட்டை நகல் எடுக்கும் கடையில் 60 விழுக்காட்டுக்குச் சிறிதாக்கினேன். என் ரவிக்கையின் மார்புச் சுற்று 95 செ.மீ.; அது 57 ஆனது. மகளின் மார்பு 54 என்பதால் பொருத்தமாக இருந்தது. ரவிக்கைக்கு முன்னால் கொக்கி இருக்கும் அல்லவா? குழந்தைக்குக் குத்தும் என்று அந்தத் திறப்பை மூடித் தைத்துவிட்டேன். மார்புக்கு வடிவம் தரும் டாட் மடிப்பு இரண்டையும் அப்படியே பிடித்தேன். துணி பருத்தி, நனைத்துத்தான் வெட்டினேன். கழுத்துக்குப் பைப்பிங். தலை 49, கழுத்து 36, வயிறு 52.

ஆலைக்காரி
இப்போது எல்லாம் புரிகிறது. நான் பதினெட்டு ஆண்டுகள் ஏற்றுமதி மண்டலத்து ஆலை ஒன்றில் குழந்தைகள் பிரிவில் இருந்தேன். நாடுகளுக்கான ஜவுளி ஏற்றுமதி ஒதுக்கீட்டு முறை 2005 தொடக்கத்தில் முடிந்த பிறகு அந்த ஆலை மூடப்பட்டது. அங்கே எங்கள் மேற்பார்வையாளர் அம்மா புதிதாக வந்தவர்களுக்கு முதல் நாளிலேயே மூன்று வயதுக் குழந்தையின் அளவுகளையும் பெரியவரின் அளவுகளையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுவார். பெரியவரின் தலை 55 அல்லது 56 செ.மீ. இருந்தால், மூன்று வயதிலேயே குழந்தையின் தலை 48 முதல் 50 வரை வந்துவிடுகிறது. உங்கள் மார்பை 60 விழுக்காடாக்கலாம். தலையை ஆக்க முடியாது, அவள் தலை உங்கள் தலையில் ஏறத்தாழ 90 விழுக்காடு. 36-இல் 49 நுழையாது. உங்கள் ரவிக்கையைத் தலை வழியாகப் போடவேண்டியிராததற்குக் காரணம் அந்தக் கொக்கித் திறப்புதான், அதையே மூடிவிட்டீர்கள்.

முன்பக்கம் ஏறுவதும் இதே காரணத்தால்தான். நமக்கு இடுப்பு ஒடுங்கும், அதனால் ரவிக்கையின் அடிப்பகுதியும் ஒடுங்கும். இந்த வயதில் இடை கிடையாது. வயிறு மார்புக்குச் சமமாகவோ அதைவிடச் சற்றே குறைவாகவோ முன்னால் தள்ளி நிற்கும். சட்டையின் அடிச் சுற்று இப்போது 48 அளவில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அது 52 செ.மீ. வயிற்றைத் தாண்டி இறங்காமல் அதன் மேட்டில் உட்கார்ந்துகொள்கிறது.

சட்டையைத் தூக்கிப் போடவேண்டாம். முதலில் டாட் இரண்டையும் பிரித்துவிடுங்கள். குழந்தைக்கு அது தேவையே இல்லை. பக்கத் தையலைக் கைக்குழிக்கு இரண்டு விரல் கீழிருந்து பிரித்து, அடியில் 4 செ.மீ. அகலம் வரும் முக்கோணத் துண்டை ஒவ்வொரு பக்கமும் சேர்த்தால் அடிச் சுற்றில் 8 கூடும். முதுகின் நடுவில், நேர் இழையில் (துணியின் நீளவாட்டில் ஓடும் நூலின் திசையில்), கழுத்திலிருந்து 12 செ.மீ. கீறுங்கள். கீறலுக்கு இரண்டு ஓரம் என்பதால் 24 கூடி, 36 என்பது 60 ஆகும். தலை தாராளமாக நுழையும். கீறலின் அடி முனை வழியாகத்தான் துணி கிழியும். ஆகவே உட்புறம் ஒரு சிறு துண்டு வைத்து, முனையில் இரண்டு முறை திரும்பத் தைத்து, அதற்குப் பிறகுதான் பட்டியைச் சேர்க்கவேண்டும்.

பாவாடைப்பிரியை
அக்கா சொன்னது அருமை. கீறலை மூட மேலே அதே துணியில் நாடா தைத்து, நுனியில் குஞ்சம் வைத்து முடிச்சுப் போட்டால் கோயிலுக்கு எவ்வளவு அழகாக இருக்கும்! என் அம்மா எங்களுக்கு அப்படித்தான் தைத்தார்.

ஆலைக்காரி
கழுத்தில் நாடா வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். குழந்தை உடைகளுக்கான ஐரோப்பியத் தரம் 14682, ஏழு வயதுக்குட்பட்டவர்களின் உடையில் கழுத்துப் பகுதியில் எந்த நாடாவையும் அனுமதிப்பதில்லை. கதவுக் கொண்டியிலோ சறுக்குமரத்தின் இடுக்கிலோ நாடா மாட்டிக்கொண்டால், குழந்தையால் தன்னை விடுவித்துக்கொள்ள முடியாது.

பாவாடைப்பிரியை
நாங்கள் நால்வரும் குஞ்சத்தோடுதான் வளர்ந்தோம், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வெளிநாட்டுக் கடைக்கு அனுப்பும் துணிக்கான விதியை, அம்மா தன் மகளுக்குத் தைக்கும் சட்டையில் கொண்டுவரவேண்டுமா? நம் வழக்கத்தை நாமே குறைத்துக்கொண்டே போகிறோம் என்று எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சென்தெனி_பெரியம்மா
நான் பிரான்சைச் சேர்ந்த பக்கத்துத் தீவான ரெயூனியனிலிருந்து எழுதுகிறேன். எங்கள் கடைகளுக்கு வரும் குழந்தை உடைகளுக்கும் இதே தரம்தான் பார்க்கிறார்கள். வழக்கம் குறையவேண்டும் என்பதில்லை, மகளே. குஞ்சத்தைப் பாவாடை ஓரத்துக்கு மேலே, தொங்காமல், இரண்டு முனையும் தைத்து அலங்காரமாக வைக்கலாம். பாவாடையைப் பற்றி ஒரு கேள்வி: அதை இடுப்பில் நாடாவால் கட்டுகிறீர்களா? இடுப்பு இல்லாத வயதில் அது வழுக்கும். கோயிலைச் சுற்றி நடக்கும்போது காலில் தட்டி விழுந்துவிடுவாள். மேலே கை இல்லாத பாடி வைத்துப் பாவாடையை அதில் சேர்த்துத் தைப்பதுதான் நம் பழைய முறை. அடியில் இரண்டு டக் (பிறகு பிரித்து நீளம் கூட்டக்கூடிய தையல் மடிப்பு) பிடித்து வையுங்கள். இந்த வயதில் ஆண்டுக்கு ஆறேழு செ.மீ. வளர்வார்கள், வரும் காவடிக்கு ஒரு டக்கைப் பிரித்துக்கொள்ளலாம்.

அளவுநாடா
கீறலுக்கு இரண்டு ஓரம் என்ற கணக்கு சரி. ஆனால் பைப்பிங் இருக்கும் கழுத்தைக் கீறினால், கீறலின் இரு பக்கமும் பைப்பிங்கின் முனை பிரிந்துகொள்ளும். முனையிலிருந்து 3 செ.மீ. பைப்பிங்கை முதலில் பிரித்து, பட்டியைத் தைத்த பிறகு மீண்டும் மூடவேண்டும். இதை யாரும் சொல்லவில்லை என்பதால் சொல்கிறேன்.

ஆலைக்காரி
அது உண்மை, நான் விட்டுவிட்டேன், நன்றி, ஐயா. மூடுவதற்கு ஒரு பிரஸ் பட்டன் போதும். ஊசி உடைந்தால் மட்டும் எல்லாத் துண்டும் கையில் கிடைக்கும்வரை சட்டையை மகளுக்குப் போடாதீர்கள். ஆலையில் உடைந்த ஊசியின் துண்டுகளை ஒட்டிச் சேர்த்துக் காட்டினால்தான் புது ஊசி கொடுப்பார்கள்.

நூல்கண்டு
பிரஸ் பட்டனை அடித்துப் பொருத்தும் வகையா, கையால் தைக்கும் வகையா? மெல்லிய பருத்தியில் அடித்துப் பொருத்துவது கிழிந்துவிடாதா?

வாக்குவா_தாய்
ஐந்து நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். கீறினேன், தலை நுழைந்தது. கையால் தைக்கும் பட்டன் வைத்தேன். முக்கோணத் துண்டு ரோஸ் துணியில் மிச்சம் இல்லாததால் பாவாடைக் கரையிலிருந்து எடுத்தேன். இடது பக்கம் சற்று இழுக்கிறது. பாவாடையைப் பாடியோடு சேர்க்க இன்றிரவு உட்காருகிறேன். அனைவருக்கும் நன்றி.

ஆலைக்காரி
இடது பக்கத் துண்டு குறுக்கு இழையில் வெட்டப்பட்டிருக்கக்கூடும், தங்கச்சி. இரண்டு துண்டிலும் நேர் இழை ஒரே திசையில் ஓடுகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.