கெர்ரி ஜேம்ஸ் மார்ஷலின் கறுப்பு: அக்ரிலிக்கில் எப்படிக் கொண்டுவருவது?

கித்தான்:
அமெரிக்க ஓவியர் கெர்ரி ஜேம்ஸ் மார்ஷல் வரையும் மனிதர்களின் தோல் பழுப்பு இல்லை, முழுக் கறுப்பு. ஆனாலும் கன்னம், மூக்கு, கழுத்து எல்லாம் தனித்தனியாகத் தெரிகின்றன. அந்த முறையில் ஒரு தலையை அக்ரிலிக்கில் பயிற்சியாக வரைகிறேன். மார்ஸ் பிளாக் மட்டும் பூசினால் தட்டையாக நிற்கிறது. வெள்ளை கலந்தால் சாம்பல் பூத்து உயிரில்லாமல் போகிறது. எந்தக் கறுப்போடு எதை, எவ்வளவு கலப்பது? இன்னொரு அமெரிக்க ஓவியரான எமி ஷெரால்டின் சாம்பல் நிறத் தோலுக்கும் இதே வழிதானா?

மைக்கூடு:
முதலில் வெள்ளையை ஒதுக்கிவிடுங்கள். மார்ஷலின் முகங்களில் உருவத்தை எழுப்புவது ஒரு கறுப்புக்கும் பக்கத்துக் கறுப்புக்கும் உள்ள சூடு, குளிர்ச்சி வித்தியாசம். ஐவரி, கார்பன், மார்ஸ் என்ற மூன்று கறுப்புகளை அடிப்படையாக வைத்துக்கொண்டு, கோபால்ட் நீலம், குரோம் ஆக்சைடு பச்சை, டயாக்சசின் வயலெட் ஆகியவற்றைச் சேர்த்து அவற்றைப் பெருக்குகிறார்.

மூன்றின் குணமும் வேறு. ஐவரி எலும்புக்கரி (டியூபில் நிறமிக் குறியீடு பிபிகே 9 என்று இருக்கும்). ஓரளவு ஒளி ஊடுருவும், வலு குறைவு, அதனால் சேர்க்கும் நிறத்துக்கு இடம் கொடுக்கும். கார்பன் (பிபிகே 7) நேர் எதிர், ஒரு துளி பக்கத்து நிறத்தை விழுங்கிவிடும். மார்ஸ் (பிபிகே 11) இரும்பு ஆக்சைடு. நன்றாக மறைக்கும், பழுப்பின் பக்கம் சாயும். அதை மட்டும் வைத்து வரைந்தால் நீங்கள் சொன்ன தட்டைதான் வரும்.

தொடங்குவதற்கு என் அளவுகள் (மார்ஷலின் சூத்திரம் அல்ல): மார்ஸ் 8 பங்குக்குக் குரோம் ஆக்சைடு பச்சை 2. ஐவரி 6 பங்குக்குக் கோபால்ட் நீலம் 2. ஐவரி 20 பங்குக்கு டயாக்சசின் 1, அதற்கு மேல் போனால் கத்தரிப்பூ நிறமாகிவிடும். ‘கோபால்ட் ஹ்யூ’ என்று விற்பதில் பெரும்பாலும் வேறு நீலங்கள் இருக்கும்; தேலோ நீலம் இருந்தால் அளவைப் பாதியாக்குங்கள்.

தலை முழுவதும் மார்ஸ் இரண்டு கோட். காய்ந்த பின் வெளிச்சம் பார்க்கும் தளங்களுக்கு நீலக் கறுப்பு, கழுத்தடிக்கும் தாடைக்குக் கீழும் வயலெட், காது மடலுக்கும் உதட்டோரத்துக்கும் பச்சை. ஈரத்தில் அக்ரிலிக் வெளிறித் தெரியும், காய்ந்தால் கறுக்கும். அதனால் ஒவ்வொரு கலவையையும் துண்டு அட்டையில் தடவி, காயவிட்டுப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

1980-ல் அவர் முட்டைக்கரு டெம்பராவில் (நிறமியை முட்டைக்கருவில் குழைத்த வண்ணம்) வரைந்த சின்னஞ்சிறு உருவப்படத்தைப் பாருங்கள். அதில் கண்ணின் வெள்ளையும் பல்லும் சட்டையும்தான் முகத்தைக் காட்டிக்கொடுக்கும். பின்னாளில் அந்தக் கறுப்புக்குள்ளேயே இத்தனை நிறங்களைக் குடியேற்றினார். சமகால ஓவியத்தில் இதைவிடத் துணிவான காரியம் எனக்குத் தெரியவில்லை.

பேனாமுனை:
ஷெரால்டின் வழி வேறு. எண்ணெய் வண்ணத்தில் கறுப்போடு நேப்பிள்ஸ் மஞ்சள் கலந்த சாம்பல் அது. வாஷிங்டன் நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரியில் 2018-ல் வைத்த மிஷெல் ஒபாமா படத்திலும் தோல் அப்படித்தான். மஞ்சளும் கறுப்பும் சேர்ந்தால் பச்சை தட்டும். பர்ன்ட் சியன்னா ஒரு சிட்டிகை போதும், சரியாகிவிடும். துணியின் நிறத்தை முதலில் பூசிவிடுங்கள். சிவப்புச் சட்டைக்குப் பக்கத்தில் அதே சாம்பல் பச்சையாகத் தெரியும், நீலத்துக்குப் பக்கத்தில் சூடாகத் தெரியும். முகத்தை முதலில் முடித்தால் திரும்பப் பூச வேண்டிவரும்.

பால்பாயின்ட் பேனாவிலேயே தோலை நெய்த டோயின் ஓஜி ஒடுடோலாவையும் பார்க்க வேண்டும். நைஜீரியாவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். முயன்று பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: சாதாரணப் பேனா மை சாயம் என்பதால் வெளிச்சத்தில் மங்கும். நேர் வெயில் படாத சுவர், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி, இரண்டும் அவசியம்.

கித்தான்:
நீலக் கறுப்பு நன்றாக வந்தது, நன்றி. ஆனால் சில தளங்கள் பளபளக்கின்றன, சில மங்கலாக இருக்கின்றன. ஃபோட்டோ எடுத்தால் எல்லாம் சாம்பலாகிவிடுகிறது.

ஒளிமானி:
மூன்று கறுப்புகளும் ஒரே பளபளப்பில் காயாது. பளபளக்கும் கறுப்பு அறை வெளிச்சத்தைத் திருப்பி அடிப்பதால் வெளிறித் தெரியும், நீங்கள் கட்டிய சூடு, குளிர்ச்சி எல்லாம் அதில் மறைந்துவிடும். எல்லாக் கலவையிலும் பளபளப்பைக் குறைக்கும் மேட் மீடியத்தை ஒரே அளவு (நாலுக்கு ஒன்று) சேருங்கள். வரைந்து முடித்ததற்கு, நன்றாகக் காய்ந்தபின் சாட்டின் (பாதிப் பளபளப்பு) வார்னிஷ் மெல்லிசாக ஒரு கோட். முழு மேட் வார்னிஷ் வேண்டாம். அதிலுள்ள தூள் கறுப்பின் மேல் பனிமூட்டம்போல் படியும்.

கேமராவின் மீட்டர் எதையும் நடுச்சாம்பலாக்கப் பார்க்கும். எக்ஸ்போஷரை ஒன்று அல்லது ஒன்றரை ஸ்டாப் குறையுங்கள். விளக்குகளைப் பக்கவாட்டுக்கு நகர்த்தியும் பளபளப்பு போகவில்லை என்றால் லென்ஸில் போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்கும் வடிகட்டி) போடுங்கள்.

மாதிரிக்கு முகத்தைப் படமெடுக்கும்போது நேர் ஃப்ளாஷ் கூடாது. கறுப்புத் தோலுக்கு வடிவம் தருவது அதன் மேல் பிரதிபலிக்கும் பெரிய, மென்மையான ஒளி. ஜூலி டேஷின் 1991 படமான ‘டாட்டர்ஸ் ஆஃப் தி டஸ்ட்’டில் ஆர்தர் ஜாஃபாவின் ஒளிப்பதிவையும், ‘செல்மா’வில் பிராட்ஃபோர்ட் யங்கின் இருண்ட உள்ளறைக் காட்சிகளையும் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். வீட்டில் ஒரு பக்கம் ஜன்னல், சற்றுப் பின்னே மறுபக்கம் தெர்மகோல் அட்டை போதும். முகத்தில் பவுடர் வேண்டாம், கொஞ்சம் மாய்ஸ்சரைசர் தடவச் சொல்லுங்கள். கன்ன எலும்பின் மேல் அட்டையின் வெளிச்சம் ஒரு பட்டையாக விழும். நீலக் கறுப்பை வைக்க வேண்டிய இடம் அதுதான்.