டோக்கன் கொடுத்த பிறகு வீடு வேண்டாம் என்றால் பணம் திரும்புமா?

வேளச்சேரி புதுசு: வேளச்சேரியில் இரண்டு பெட்ரூம் வீடு, வாடகை 18,000. பத்து மாத அட்வான்ஸ், புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, முதல் மாத வாடகை எல்லாம் சேர்த்து 2,16,000 ஆகிறது. இன்றைக்கே 10,000 டோக்கன் போட்டால்தான் வீட்டை நிறுத்தி வைப்பார்களாம். மனைவி ஞாயிற்றுக்கிழமைதான் ஊரிலிருந்து வந்து பார்ப்பார். அவருக்குப் பிடிக்காவிட்டால் டோக்கன் போச்சா?

மாடிவீட்டுக்காரர்: போச்சுதான் தம்பி. டோக்கன் வாங்கிய அன்றே டு-லெட் போர்டைக் கழற்றிவிடுகிறோம், அப்புறம் வருகிறவர்களைத் திருப்பி அனுப்புகிறோம். பத்து நாள் கழித்து வாஸ்து சரியில்லை என்றால் அந்த மாத வாடகையை யார் தருவார்கள்?

கோர்ட்டுப் பக்கம்: ஞாயிறு வரை நிறுத்தி வைக்கப் பத்தாயிரமா சார்? அப்புறம், பத்து மாதம் சென்னை வழக்கமே தவிர சட்டம் இல்லை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி மூன்று மாத வாடகைதான் அட்வான்ஸ். வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள் பாக்கியைக் கழித்துக்கொண்டு திருப்பித் தரவும் வேண்டும்.

மாடிவீட்டுக்காரர்: அந்தப் பிரிவை முதலிலிருந்து படியுங்கள் மேடம். இருவரும் வேறு விதமாக ஒப்புக்கொண்டிருந்தால் அந்த வரம்பு இல்லை என்றுதான் ஆரம்பிக்கிறது. பத்து மாதத்துக்குச் சம்மதித்துதானே கையெழுத்துப் போடுகிறார்கள்?

கோர்ட்டுப் பக்கம்: அதனால்தான் சொல்கிறேன், டோக்கன் போடுவதற்கு முன்பே பேரம் பேசிவிட வேண்டும். பத்தாயிரம் மாட்டிக்கொண்ட பிறகு யார் வாய் திறப்பார்கள்? அட்வான்ஸ் எவ்வளவு, காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பார்கள், டோக்கன் எந்தத் தேதி வரை திரும்பும், எல்லாம் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வரட்டும்.

மாடிவீட்டுக்காரர்: முன்பு இருந்தவர் நாலு மாத வாடகையும் கரண்ட் பில்லும் பாக்கி வைத்துவிட்டுப் போனார். மூன்று மாத அட்வான்ஸ் எந்த மூலைக்கு? கோர்ட்டுக்கு அலைய எனக்குத் தெம்பில்லை.

கோர்ட்டுப் பக்கம்: இரண்டு மாத பாக்கிக்கே வாடகை நீதிமன்றம் போகலாம். ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிந்தீர்களா?

மாடிவீட்டுக்காரர்: பத்திரத் தாளில் 11 மாத அக்ரிமென்ட். ஊரே அப்படித்தான். சரி, மூன்று மாத அட்வான்ஸ் போதும் என்றால் வாடகை 19,000.

கணக்கு வாத்தியார்: குறுக்கே வருகிறேன். ஏழு மாத அட்வான்ஸ் குறைகிறது, அதாவது 1,26,000. 7 சதவீத வட்டி என்றாலும் மாதம் 735 ரூபாய்தான். ஆயிரம் எதற்கு?

மாடிவீட்டுக்காரர்: மீதி 265 என் பயத்துக்கு வாத்தியாரே.

கணக்கு வாத்தியார்: அதுவும் நியாயம்தான். தம்பி, வீட்டைக் கண்ணால் பார்க்காமல் மட்டும் ஒரு ரூபாய் அனுப்பாதீர்கள். ராணுவத்தில் இருக்கிறேன், கேட் பாஸுக்குப் பணம் போடுங்கள், திரும்பி வந்துவிடும் என்று கியூஆர் கோடு அனுப்பினால் பிளாக் செய்துவிடுங்கள்.

வேளச்சேரி புதுசு: நான் வீட்டைப் பார்த்துவிட்டேன் சார். ஞாயிறு வரை டோக்கன் திரும்பும் என்று எழுதிக் கேட்டேன். ஓனரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்ற புரோக்கர் அப்புறம் போனே எடுக்கவில்லை.

மாடிவீட்டுக்காரர்: நேராக ஓனரைப் பாருங்கள். இரண்டாயிரம் கொடுத்து ஞாயிறு வரை நிறுத்தச் சொல்லுங்கள், நானாக இருந்தால் ஒத்துக்கொள்வேன். பத்து மாதத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

கோர்ட்டுப் பக்கம்: வையுங்கள். மூன்றில் ஆரம்பித்தால் ஆறிலாவது வந்து நிற்கும்.