பழங்கால கிரேக்கத்தில் நடக்கும் துப்பறியும் கார்ட்டூன்: தானாகத் திறக்கும் கோயில் கதவுக்கு என்ன விளக்கம் தரலாம்?

கேள்வி – பாலக்கோட்டு ஆசிரியை

வணக்கம். எங்கள் பள்ளிப் பிள்ளைகளும் நானும் பழங்கால கிரேக்கத்தில் நடக்கும் நகைச்சுவைத் துப்பறியும் கார்ட்டூன் ஒன்றுக்குக் கதை எழுதி வருகிறோம். ஆள் தொடாமலே கோயில் கதவு திறக்கிறது, ஊரே நடுங்குகிறது, அது பூசாரியின் தந்திரம் என்று ஒரு சிறுவனும் ஒரு சிறுமியும் கண்டுபிடிக்கிறார்கள். அந்தத் தந்திரம் அக்காலத்துப் பொருள்களைக் கொண்டே செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். 'எல்லாம் மாயம்' என்று முடித்தால், துப்புகளைக் கவனித்து வந்த பிள்ளைகளுக்கு அது பெரிய ஏமாற்றம். கதைக்களம் இப்போதைக்கு கி.மு. 5ஆம் நூற்றாண்டு ஏதென்ஸ்.

பதில் – இயற்பியல் ஆசிரியர், ஓசூர்

அம்மா, கதையை எகிப்தில் கிரேக்கப் பண்பாடு தழைத்த நகரமான அலெக்சாந்திரியாவுக்கு மாற்றுங்கள். கி.பி. முதல் நூற்றாண்டில் அங்கு வாழ்ந்த ஹீரோன் என்ற பொறியாளர், நீங்கள் கேட்கும் கதவையே விவரித்து எழுதியிருக்கிறார். கோயிலுக்கு முன்னால் உள்ள பலிபீடத்தில் தீ மூட்டினால், அதனுள் இருக்கும் காற்று சூடேறி விரிந்து, நிலத்தடியில் பாதி நீர் நிரம்பிய உருண்டைக் கலத்துக்குள் இறங்கும். அங்கிருந்து தள்ளப்படும் நீர் வளைந்த குழாய் வழியாகத் தொங்கும் பாத்திரத்தில் விழ, கனம் கூடிய பாத்திரம் கீழிறங்கி, கதவின் அச்சுகளில் சுற்றிய கயிற்றை இழுக்கும். தீ அணைந்து காற்று சுருங்கியதும் நீர் கலத்துக்கே திரும்பும், எதிர் எடை கதவை மூடிவிடும். காசு போட்டால் சிறிது புனித நீர் தரும் பெட்டி ஒன்றையும் அவர் விவரித்திருக்கிறார். சிரிப்புக்கு அது நன்றாகப் பயன்படும்.

பதில் – கூத்து ரசிகர், பென்னாகரம்

ஐயா சொல்லும் கதவு அருமையானதுதான், ஆனால் ஏதென்ஸை அவ்வளவு எளிதில் விட என்னால் முடியவில்லை. அங்கே நாடகங்களில் தெய்வங்களை அந்தரத்தில் இறக்குவதற்குப் பளுதூக்கி இருந்தது, கி.மு. 423இல் அரிஸ்டோபனீஸ் தம் நகைச்சுவை நாடகத்தில் சாக்ரடீசையே கூடையில் தொங்கவிட்டார். நம் திரௌபதி அம்மன் திருவிழாவில் அர்ச்சுனன் தபசு மரம் ஏறும்போது கூட்டம் அண்ணாந்து நிற்குமே, அந்த வியப்பைக் காட்ட நாடக அரங்கை விட்டால் வேறு இடம் ஏது? எந்த ஊரில் வைத்தாலும் கட்டியங்காரனைப் போல ஒருவரைச் சேருங்கள். கதைக்குள் நடமாடிக்கொண்டே பார்ப்பவர்களிடமும் பேசுகிற அவர் வாயால், துப்பைக் கேலிப்பேச்சாகச் சொல்லிவிடலாம்.

பதில் – பாலக்கோட்டு ஆசிரியை

இருவருக்கும் நன்றி. அலெக்சாந்திரியாதான் என்று முடிவெடுத்துவிட்டேன், ஏனென்றால் பலிபீடம் திறந்தவெளியில் இருப்பதால் துப்பு தானாகவே கிடைத்துவிடுகிறது: மழை கொட்டிய நாளில் தீ பற்றவில்லை, அன்று பார்த்துக் கதவும் திறக்கவில்லை. 'சாமிக்கு ஜலதோஷம்' என்று கட்டியங்காரர் சொல்லும்போது எல்லாரும் சிரிப்பார்கள். சிறுமி மட்டும் அணைந்த பலிபீடத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

பதில் – இயற்பியல் ஆசிரியர், ஓசூர்

மிகச் சரியான துப்பு. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: காற்று சூடேற நேரம் எடுக்கும் என்பதால், தீ மூட்டிய மறுநொடியே கதவைத் திறந்துவிடாதீர்கள். அந்த இடைவெளியில் பூசாரி நீண்ட மந்திரம் ஓதட்டும்.