லயத்துக்கு மேலே காய்ந்து நிற்கும் சவுக்கு: செத்துவிட்டதா, வெட்டலாமா?

பனிமூட்டம்:
இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம், லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) மேலே தேயிலை மலை ஓரத்தில் ஒரு பெரிய சவுக்கு (கிரவிலியா) நிற்கிறது. ஒரு வருசத்துக்கு மேல் இலையே இல்லை. கிளையெல்லாம் சாம்பல் பாசி தாடி மாதிரித் தொங்குது. மழை இரவில் அடிமரத்தில் மங்கலாகப் பச்சை வெளிச்சம் தெரியுதென்று பொழுது சாய்ந்தால் அந்தப் பாதையில் ஆள் நடமாட்டம் இல்லை. அடியில் முனியாண்டிக் கல் வேறு இருக்கு. சுற்றி நாலைந்து தேயிலைச் செடியும் காய்ந்துவிட்டது. மரத்தில் உயிர் இருக்கா என்று எப்படிப் பார்ப்பது? வெட்டலாமா?

கவ்வாத்துக்கத்தி:
பாசியை வைத்து முடிவு கட்டாதீங்க. பனியும் சுத்தமான காற்றும் உள்ள உயரத்தில் அது பச்சை மரத்திலும் வளரும், மரத்தின் சாற்றை எடுக்காது. இலை உதிர்வதும் மரத்துக்கு மரம் வேறு. முள்முருங்கை வறட்சிக் காலத்தில் மொட்டையாக நின்று பிறகு சிவப்பாகப் பூக்கும். சவுக்கு வருசக்கணக்கில் மொட்டையாக நின்றால் அது வேறு விசயம்.

மேலே ஏறிக் கிளையைச் சுரண்டிப் பார்க்கவே கூடாது. காய்ந்த சவுக்குக் கிளை காற்று இல்லாமலும் முறியும். நெஞ்சு உயரத்தில் நாலு பக்கமும், வேர் தொடங்கும் இடத்திலும், 2 சென்ரிமீற்றர் சதுரமாகப் பட்டையைக் கட்டை வரை செதுக்குங்க. உள்பட்டை ஈரமாக, கட்டையோடு ஒட்டி இருந்தால் அந்தப் பக்கம் உயிர் உண்டு. உலர்ந்து பழுப்பாகத் தானாகக் கழன்றால் இல்லை. ஒரு பக்கம் மட்டும் பார்த்தால் ஏமாறுவீங்க.

பட்டை சுற்றிவர உரித்திருக்கா என்றும் பாருங்க. நிழல் மரத்தை வெட்டுவதற்கு ஒன்றிரண்டு வருசம் முன்பே தோட்டங்களில் அப்படி உரித்து விடுவார்கள். இலை தயாரிக்கும் உணவு கீழே இறங்காமல் வேரிலுள்ள மாச்சத்து தீர்ந்துவிடும். பிறகு வெட்டினாலும் அந்த வேரில் நோய்ப் பூஞ்சணம் பிடிப்பது குறைவு.

வேரும்மண்ணும்:
எனக்கு மரத்தைவிட அந்த நாலைந்து செடிதான் கவலை. வெளிச்சத்துக்குக் காரணம் பெரும்பாலும் ஈரக் கட்டையை மக்க வைக்கும் பூஞ்சணம். சில இனங்கள் இருட்டில் ஒளிரும், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் கட்டை உக்குகிறது என்பதற்கு அது அறிகுறி. செத்த செடியில் காய்ந்த இலை உதிராமல் தொங்குதா? வேர்க்கழுத்தில் பட்டையை எடுத்து என்ன நிறம் என்று சொல்லுங்க.

பனிமூட்டம்:
இலை தொங்குது. மரத்தின் அடியில் கறுத்த பொருக்கு, உடைத்தால் நொறுங்குது. செடியின் பட்டைக்குள்ளே வெள்ளையாக விசிறி வடிவம். மரத்தில் பட்டை உரித்த தடம் இல்லை, நாலு பக்கமும் உள்பட்டை உலர்ந்திருக்கு.

வேரும்மண்ணும்:
அப்படியானால் மரம் செத்துவிட்டது. நீங்கள் சொல்வது கரிக்கட்டை வேரழுகலுக்குப் பொருந்துது. உஸ்டுலினா என்ற பூஞ்சணம், சவுக்குக் கட்டையில் பிடித்துத் தேயிலைக்கு இறங்கும். மண்ணில் தனியாகப் பரவாது, நோயுள்ள வேர் நல்ல வேரைத் தொடும் இடத்தில்தான் தாவும். அதனால் மரத்தை மட்டும் வெட்டி அடிக்கட்டையை விட்டால் நோய் அங்கேயே இருக்கும். அடிக்கட்டையையும், செத்த செடிகளையும், அவற்றை ஒட்டிய ஒரு சுற்றுப் பச்சைச் செடியையும் வேரோடு எடுக்கணும். பென்சில் தடிப்பு வேர்கூட மண்ணில் இருக்கக் கூடாது, எடுத்ததை அங்கேயே எரிக்கணும். பிறகு குவாத்தமாலாப் புல் அல்லது மானாப் புல்லை நட்டு இரண்டு வருசம் விட்டு, அதன் பின்தான் தேயிலை. நோயை உறுதிப்படுத்த வேர் மாதிரியைத் தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்குக் கொடுங்க.

கவ்வாத்துக்கத்தி:
வெட்டுவது தோட்டத்து அனுமதியோடுதான், அதுவும் வைகாசிக் காற்றுக்கு முன். கோடாலியின் பின்பக்கத்தால் அடிமரத்தைத் தட்டிப் பாருங்க. உள்ளே பொந்துச் சத்தம் வந்தால் மிஞ்சிய சுவரை அளக்கணும். 60 சென்ரிமீற்றர் குறுக்களவுள்ள மரத்தில் உறுதியான சுவர் 10க்குக் கீழே இருந்தால் எப்போதும் விழலாம். மரத்தடியில் சரிவின் மேல்பக்கத்து மண் வெடித்துத் தூக்கியிருந்தால் இன்றைக்கே பாதையை அடைத்துவிடுங்க, லயத்தில் யார் கோபித்தாலும்.

செத்த மரத்தில் ஆப்பு அடிக்காதீங்க, அதிர்ச்சியில் மேல் கிளை தலையில் விழும். வெட்டுமுன்பே கயிறு கட்டி, கைவின்ச்சால் (கையால் சுற்றிக் கயிற்றை இழுக்கும் கருவியால்) லயத்துக்கு எதிர்ப்பக்கம் இழுக்கணும். மரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்துக்குள் வேறு ஆள் நிற்கக் கூடாது.

கல்லைப் பற்றிப் பூசாரியிடம் முதலிலேயே கேளுங்க. வேர் தோண்டும்போது எப்படியும் அது அசையும். பூசை செய்து முன்கூட்டியே வேறிடத்தில் வைத்துவிட்டால், மரம் வெட்ட வருகிறவர்களும் தயங்காமல் கத்தியைத் தொடுவார்கள்.