வீட்ல இருக்குற டென்ஸ் மெஷின நாய்க்கு வைக்கலாமா?

கேள்வி:
எங்க மணிக்கு 8 வயசு. பின்னங்கால் முட்டில ஜவ்வு கிழிஞ்சு ஆபரேஷன் பண்ணி ஆறு வாரம் ஆச்சு, எலும்பு நல்லா கூடுதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு, ஆனா அந்தத் தொடைய மட்டும் புடிச்சுப் பாத்தா வெறும் எலும்பா இருக்கு, நின்னா விரல் நுனி தான் தரையில படுது. கரண்ட் வச்சா சதை ஏறும்ங்கிறாங்க. அம்மாவோட இடுப்பு வலிக்கு வாங்குன டென்ஸ் மெஷின் (தோல்ல பேட் ஒட்டி லேசா கரண்ட் குடுக்குறது) வீட்ல இருக்கு, அதையே வைக்கலாமா? முடி மேலயே ஒட்டிப் பாத்தேன், அது பாட்டுக்குத் தூங்குது.

பதில் 1:
முடி மேல ஒட்டுனா கரண்ட் சரியா உள்ள போகாதுங்க, அதான் தூங்குது. அந்த இடத்துல முடிய வழிச்சு, தொடச்சு, ஜெல் தடவித்தான் பேட் ஒட்டணும். ஆனா டென்ஸ் வலிக்குத்தான், சதைக்கு இல்ல. 80லருந்து 120 ஹெர்ட்ஸ்ல, அதாவது செகண்டுக்கு அத்தன துடிப்புல வச்சா தொடு உணர்ச்சி முந்திக்கிட்டு வலி மேல போறத முதுகுத்தண்டுலயே அடக்கிடும், 1965ல மெல்சாக், வால்ங்கிற ரெண்டு விஞ்ஞானிங்க சொன்ன கேட் தியரி தான் இதுக்கு அடிப்படை. சதை ஏத்த என்எம்இஎஸ்னு வேற மெஷின் வேணும், அது சதைய அசைக்கிற மோட்டார் நரம்பத் தூண்டி சதைய நெஜமாவே சுருங்க வைக்கும். பொதுவா 25லருந்து 50 ஹெர்ட்ஸ், கரண்ட் வெடுக்குன்னு ஏறாம ரெண்டு மூணு செகண்ட்ல மெல்ல ஏறணும், 10 செகண்ட் சுருங்குனா 30லருந்து 50 செகண்ட் ரெஸ்ட், மொத்தம் 15, 20 நிமிஷம். ரெஸ்ட மட்டும் கொறைக்காதீங்க, சதை சீக்கிரம் களைச்சுடும். கேன்சர் கட்டி, சீழ் புடிச்ச எடம், உணர்ச்சி இல்லாத தோல் இதுக்கு மேலயெல்லாம் வைக்கவே கூடாது, வலிப்பு வர்ற நாய்னா டாக்டர்கிட்ட கேக்காம தொடாதீங்க.

பதில் 2:
எங்க பொட்ட நாய்க்கும் இதே ஆபரேஷன் தான். முதல் நாள் பிசியோ என் உள்ளங்கைய அவ தொடை மேல வச்சு மெஷின ஏத்துனாங்க, தொளதொளன்னு இருந்த சதை கைக்கடியில மெல்ல கெட்டியாகி அப்புறம் தளர்றது தெரிஞ்சுது, அன்னிக்கு தான் எனக்கு நம்பிக்கையே வந்துச்சு. அவ உதட்ட நக்கி திரும்பிப் பேட பாத்தா உடனே கொறைக்கச் சொன்னாங்க, வாயில்லா ஜீவன், வலிக்குதுன்னு அதோட பாஷையில அப்படித்தான் சொல்லும். டேப் வச்சு தொடைய அளக்குறீங்கன்னா ஒவ்வொரு தடவையும் அதே எடத்துல, கால அதே மாதிரி வச்சு அளங்க.

கேள்வி கேட்டவர்:
அப்போ டென்ஸ எடுத்து வச்சிடுறேன். கரண்ட் மட்டும் போதுமா, நடக்க வைக்கணுமா?

பதில் 1:
நடக்க வைக்காம முடியாதுங்க. கரண்ட் சதைய எழுப்பி விடும், அந்தக் கால்ல பாரம் போட மணியே தான் பழகணும். சதை சுருங்குற அந்த 10 செகண்டும் அத நிக்க வச்சு, இடுப்ப லேசா அந்தப் பக்கம் சாச்சு விடுங்க, ஊன ஆரம்பிக்கும். பேட் எங்க, கரண்ட் எவ்வளவுன்னு முதல் தடவை மட்டும் நேர்ல காட்டிக்கோங்க.