டெராஃபிளாப் பார்த்துதான் கன்சோல் வாங்கணுமா?

வணக்கம் நண்பர்களே. பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ்ங்கிற ரெண்டு கேம் கன்சோல்ல ஒண்ணு எடுக்கலாம்னு இருக்கேன். எங்க தேடினாலும் பிளேஸ்டேஷனோட 10.28 டெராஃபிளாப்பா, எக்ஸ்பாக்ஸோட 12 டெராஃபிளாப்பாங்கிற சண்டைதான். அது கிராஃபிக்ஸ் சிப் ஒரு நொடியில போடக்கூடிய கணக்கோட உச்ச வரம்பு, அவ்வளவுதானே? கேம்களைச் சேமிக்கிற எஸ்எஸ்டி டிரைவோட வேகத்தைப் பார்த்தா நிலைமை தலைகீழ்: பிளேஸ்டேஷன் நொடிக்கு 5.5 ஜிபி, எக்ஸ்பாக்ஸ் 2.4 ஜிபி. (எக்ஸ்பாக்ஸ் ரசிகர்கள் கோவிச்சுக்காதீங்க, ரெண்டு பக்கமும் சொல்லிட்டேன்.)

பழைய வரலாறு இன்னும் குழப்புது. 2006-ல வந்த நின்டெண்டோவோட வீ கன்சோல், அப்போ போட்டியா இருந்த பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 ரெண்டையும் விட வலு ரொம்பக் குறைவு, ஹெச்டி கூடக் கிடையாது. ஆனா 10 கோடிக்கு மேல வித்து ரெண்டையும் முந்திடுச்சு. சரி, வலுவே தேவையில்லைன்னு முடிவு கட்டலாம்னா, அதே நின்டெண்டோகிட்ட இருந்து அடுத்து 2012-ல வந்த வீ யூ 1.4 கோடியைக்கூடத் தொடல. 2017-ல வந்த அவங்களோட ஸ்விட்ச் மறுபடியும் வலு குறைவு, மறுபடியும் பெரிய வெற்றி. எனக்கென்னவோ கேம்கள்தான் முக்கியம்னு படுது.

பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் ரெண்டையும் வச்சு விளையாடினவங்க மட்டும் சொல்லுங்க. ஒரே கேமை ரெண்டிலும் ஓடவிட்டா, நிறுத்திப் பெரிசாக்கிப் பார்க்காம வித்தியாசம் தெரியுமா? என் டிவி 4கே, ஆனா 60 ஹெர்ட்ஸ்தான், அதாவது நொடிக்கு 60 படம்தான் காட்டும். நான் அதிகம் ஆடறது தனியா ஆடற கதை கேம்கள். கூட ஆடற நண்பர்கள் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம், அதனால அவங்களை வச்சு முடிவெடுக்க வழியில்லை. கன்ட்ரோலர் கைக்கு எப்படி இருக்கு, ஃபேன் சத்தம் எப்படின்னும் சொன்னா உதவியா இருக்கும்.